ஓய்வில் தேயும் முழங்கால்

முழங்கால் வலிக்கிறது என்று சொன்னவருக்குக் கோவையில் கிடைக்கும் முதல் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: ஓட்டத்தை நிறுத்து, படி ஏறாதே, சைக்கிளைத் தொடாதே, காலுக்கு ஓய்வு கொடு. ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் கூட ஓடுபவரும் இதையே சொல்கிறார், வீட்டுப் பெரியவர்களும் இதையே சொல்கிறார்கள். மூட்டு என்பது அளந்து கொடுக்கப்பட்ட சரக்கு, ஒவ்வோர் அடிக்கும் அதில் கொஞ்சம் தேய்கிறது, அதிகம் ஓடியவருக்கு அது சீக்கிரம் தீர்கிறது, வலி வந்தபின் மிச்சத்தைச் சேமித்து வைக்க வேண்டும் என்பது இந்த அறிவுரைக்கு அடியில் இருக்கும் கணக்கு. மோட்டார் பம்பும் லேத்துப் பட்டறையும் பவுண்டரியும் நிறைந்த ஊரில் இந்தக் கணக்கு ஊன்றிப்போனதில் வியப்பில்லை. "முட்டியில கிரீஸ் தீந்துபோச்சு" என்பது கொங்கு நாட்டில் ஒரு நோயின் பெயராகவே ஆகிவிட்டது. ஆனால் பேரிங்கில் உயிர் இல்லை, அதில் தேய்ந்தது தேய்ந்ததுதான். முழங்காலில் உயிரணு இருக்கிறது. தன்மேல் விழும் பாரத்துக்கு ஏற்ப அது தன்னை மாற்றிக்கொள்கிறது. அடிபட்ட முழங்காலை முடக்கி வைப்பதைவிட, ஓட்டத்திலிருந்து சைக்கிளுக்கு மாறி, அது தாங்கும் அளவுக்கு வேலை கொடுப்பதே பெரும்பாலோருக்குச் சரியான வழி.

தொடை எலும்பின் கீழ்முனையையும் கணைக்கால் எலும்பின் மேல்முனையையும் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு சில மில்லிமீட்டர் தடிமன்தான். அதற்குள் ரத்தக்குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. அதற்கு வேண்டிய உணவு மூட்டுநீரிலிருந்து வர வேண்டும். கால் ஊன்றும்போது குருத்தெலும்பு அழுந்தி உள்ளிருக்கும் நீர் வெளியேறுகிறது, பாரம் விலகும்போது புது நீர் உள்ளே ஊறுகிறது. அழுத்தமும் விடுதலையும் மாறி மாறி வருவதே அதன் சாப்பாட்டு வேளை. அசையாமல் வைத்திருக்கும் மூட்டு இந்த வேளைகளைத் தவறவிடுகிறது. முதுகுத்தண்டு அறுபட்டுக் கால் செயலிழந்தவர்களின் முழங்காலை ஸ்கேன் மூலம் தொடர்ந்து பார்த்த சுவிட்சர்லாந்து ஆய்வு 2003இல் வெளியானது. ஒரு மீட்டர்கூட ஓடாத அந்த முழங்கால்களில் குருத்தெலும்பு ஓராண்டுக்குள் ஏறத்தாழ 10 சதவீதம் மெலிந்திருந்தது. அடிதான் மூட்டைத் தேய்க்கிறது என்றால், அடியே எடுத்து வைக்காதவரின் மூட்டு அப்படியே இருந்திருக்க வேண்டும்.

ஓட்டம் முழங்காலைத் தின்றுவிடும் என்ற நம்பிக்கைக்கும் சான்று குறைவு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 1984 முதல் 2002 வரை 45 நெடுந்தூர ஓட்டக்காரர்களையும் ஓடாத 53 பேரையும் எக்ஸ்ரே எடுத்துப் பின்தொடர்ந்தார்கள். தொடக்கத்தில் எல்லோருமே ஏறத்தாழ ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். முதல் எக்ஸ்ரேயில் மூட்டுத் தேய்மானம் தெரிந்தது ஓட்டக்காரர்களில் சிலரிடம்தான், மற்றவர்களிடம் இல்லை. கடைசி எக்ஸ்ரேயில் ஓட்டக்காரர்களில் 20 சதவீதத்தினருக்கும் ஓடாதவர்களில் 32 சதவீதத்தினருக்கும் அது இருந்தது. எண்ணிக்கை சிறியது என்பதால் ஓட்டம் மூட்டைக் காத்தது என்று இதை வைத்து நிரூபிக்க முடியாது. ஓட்டம் மூட்டை அழித்தது என்று சொல்லவோ இதில் இடமே இல்லை. 2017இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரத்தைச் சேர்த்துப் பார்த்தது. இடுப்பிலோ முழங்காலிலோ தேய்மானம் இருந்தவர்கள், பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதம், ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம்.

அதே ஆய்வில் எதிர்த்தரப்புக்குச் சாதகமான ஓர் எண்ணும் உண்டு, அதை மறைப்பது நியாயமல்ல. போட்டிக்காக ஓடும் உயர்மட்ட வீரர்களிடம் தேய்மானம் 13.3 சதவீதம். அளவு மீறினால் மூட்டு பாதிக்கப்படும் என்பது உண்மைதான். ஆனால் ரேஸ்கோர்ஸைக் காலையில் இரண்டு மூன்று சுற்று சுற்றி வரும் ஜவுளி வியாபாரியை அந்த வகையில் சேர்ப்பது அவருக்கே சிரிப்பை வரவழைக்கும்.

அப்படியானால் கோவையின் ஓட்டக்காரருக்கு முழங்கால் ஏன் வலிக்கிறது? பெரும்பாலும் தூரத்தால் வருவதில்லை அந்த வலி, அவசரத்தால் வருகிறது. 2013இல் தொடங்கிய கோயம்புத்தூர் மாரத்தான் ஆயிரக்கணக்கானவர்களை முதல்முறையாக ஓட வைத்தது. அது நல்ல காரியம். ஆனால் பத்து வருடம் நாற்காலியில் இருந்தவர் பெயர் கொடுத்த பிறகு இரண்டே மாதத்தில் 21.1 கிலோமீட்டருக்குத் தயாராக நினைக்கிறார். நுரையீரல் சில வாரங்களில் பழகிக்கொள்ளும், தசைநாரும் குருத்தெலும்பும் பழக மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில்தான் முழங்கால் சில்லின் பின்னாலும், காலின் வெளிப்பக்கமும் வலி தொடங்குகிறது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போய் வருபவர்களுக்கும், வெள்ளியங்கிரியின் ஏழு மலையையும் ஒரே இரவில் ஏறி இறங்குபவர்களுக்கும் நேர்வது இதுவேதான். வருடம் முழுக்க சைக்கிள் முட்டிக்கு ஆகாது என்று ஒதுங்கியிருப்பவர், மூங்கில் தடியை ஊன்றிக்கொண்டு அத்தனை கல்படிகளையும் இறங்குவார். படி இறங்குவதுதான் முழங்காலுக்கு மிகக் கடினமான அன்றாட வேலைகளில் ஒன்று என்பதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஸ்கேன் அறிக்கை இந்த அச்சத்தை இன்னும் கெட்டியாக்குகிறது. "ஜவ்வு கிழிஞ்சிருக்குது" என்ற ஒரு வரி போதும், ஷூ பரணுக்குப் போய்விடுகிறது. 2008இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் ஊரில் 50 முதல் 90 வயது வரையுள்ள 991 பேருக்கு, வலி இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல், முழங்கால் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அவர்களில் 35 சதவீதத்தினருக்கு ஜவ்வில் கிழிசல் இருந்தது. கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதத்தினர் முந்தைய மாதத்தில் வலியே இல்லாமல் நடமாடிக்கொண்டிருந்தவர்கள். வயதானபின் வரும் இத்தகைய கிழிசல் நரைமுடியைப் போன்றது, படத்தில் தெரிவதாலேயே அது வலிக்குக் காரணம் ஆகிவிடாது. அதை வெட்டிச் சரிசெய்தால் போதும் என்ற எண்ணத்துக்கும் அடி விழுந்தது. 2013இல் வெளியான ஃபின்லாந்து ஆய்வில் 146 நோயாளிகளில் ஒரு பாதிக்கு உண்மையான நுண்துளை அறுவையும், மறுபாதிக்குத் தோலைக் கீறி அறுவை செய்தது போன்ற பாவனையும் செய்தார்கள். ஓராண்டுக்குப் பின் இரு தரப்பாரின் வலியிலும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. விளையாட்டில் திடீரென்று முறுக்கிக் கிழிந்த இளவயது ஜவ்வுக்கு இந்த முடிவு பொருந்தாது. ஐம்பது வயதுக்காரர் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் சாய்வதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஓய்வு சும்மா இருப்பதில்லை, அதுவும் ஒரு வேலையைச் செய்கிறது. முழங்காலில் நீர் கோத்தால், தொடையின் முன்பக்கத் தசைக்குப் போகும் கட்டளையை நரம்பு மண்டலமே குறைத்துவிடுகிறது. வலியால் நடை குறைகிறது, குறைந்த நடையால் தசை சுருங்குகிறது, சுருங்கிய தசை அதிர்ச்சியை வாங்காததால் மூட்டின்மேல் பாரம் கூடுகிறது, வலி ஏறுகிறது. இந்தச் சுழலில் உடல் எடையும் சேரும். எடை மிகுந்த, மூட்டுத் தேய்மானம் உள்ள முதியவர்களை நடக்க வைத்து அளந்த 2005ஆம் ஆண்டு ஆய்வில், ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின்மேல் விழும் பாரம் ஏறத்தாழ நான்கு கிலோ குறைவது தெரிந்தது. கூடினாலும் கணக்கு அப்படித்தான். இந்தியாவில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று 2023இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு காட்டியது. அப்படிப்பட்ட நாட்டில் நாற்பத்தைந்து வயதுக்காரரிடம் முட்டிக்காக உடற்பயிற்சியையே விட்டுவிடு என்பது, ஒரு மூட்டைக் காப்பாற்றுவதாகச் சொல்லி இதயத்தையும் கணையத்தையும் அடகு வைப்பது.

சைக்கிளின் சிறப்பு இங்கேதான் தெரிகிறது. பெர்லினின் சாரிட்டே மருத்துவமனை ஆய்வாளர்கள், அளக்கும் கருவி பொருத்திய செயற்கை முழங்காலைச் சிலருக்கு வைத்து, உள்ளே விழும் பாரத்தை நேரடியாகவே பதிவு செய்தார்கள். சமதரையில் நடக்கும்போது மூட்டில் உடல் எடையைப் போல் ஏறத்தாழ 2.6 மடங்கு பாரம். படி ஏறும்போது 3.2 மடங்கு, இறங்கும்போது 3.5 மடங்கு. நிலைச் சைக்கிளை மிதமான விசையில் மிதிக்கும்போது அது ஏறத்தாழ 1.2 மடங்குதான், இரண்டு காலில் சும்மா நிற்பதைவிடச் சற்றே கூடுதல். உடலின் பெரும்பகுதியைச் சீட் வாங்கிக்கொள்கிறது, தரையில் மோதும் அதிர்ச்சி இல்லை. அதே சமயம் முழங்கால் நிமிடத்துக்கு எண்பது தடவை மடங்கி நீள்கிறது. குருத்தெலும்புக்கு வேண்டிய அழுத்தமும் விடுதலையும் குறைந்த பாரத்தில் நிறையக் கிடைக்கின்றன. ஓட்டத்தில் பாரத்தைக் குறைக்க வழி குறைவு, ஓடினால் உடல் எடை முழுவதும் இறங்கத்தான் செய்யும். சைக்கிளில் ஒரு கியரைக் கீழே தள்ளினால் பாரம் அந்தக் கணமே குறைகிறது.

கபடியிலும் வாலிபாலிலும் காலைத் திருப்பி முன் சிலுவைத் தசைநாரை அறுத்துக்கொண்ட இளைஞர்களுக்கும் இது பொருந்தும். அந்தத் தசைநாரிலேயே அளவி பொருத்திப் பார்த்த 1998ஆம் ஆண்டு ஆய்வில், சைக்கிள் மிதிக்கும்போது அது நீளும் அளவு 2 சதவீதத்துக்கும் குறைவாகவே இருந்தது. அறுவைக்குப் பின்னும் அறுவை இல்லாமலும் மறுபயிற்சியின் முதல் கட்டத்திலேயே பிசியோதெரபிஸ்டுகள் நிலைச் சைக்கிளில் ஏற்றுவதற்குக் காரணம் இதுதான். நேர்கோட்டில் சுழலும் காலுக்கு வெட்டித் திரும்பும் வேலை இல்லை.

சைக்கிள் ஓட்டியவர்களின் முழங்கால் பிற்காலத்தில் எப்படி இருக்கிறது என்பதற்கு 2024இல் ஒரு விடை கிடைத்தது. அமெரிக்காவில் 2,607 பேரிடம் வாழ்நாள் பழக்கங்களைக் கேட்டு எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டார்கள். சைக்கிள் ஓட்டும் பழக்கம் இருந்தவர்களிடம் அடிக்கடி வரும் முழங்கால் வலி 17 சதவீதமும், வலியோடு கூடிய தேய்மானம் 21 சதவீதமும் குறைவு. நல்ல முழங்கால் உள்ளவர்களே சைக்கிளில் ஏறியிருக்கலாம் என்று மறுப்பவர்கள் சொல்லலாம், அந்த ஐயம் நியாயமானதே. ஆனால் சைக்கிள் முட்டியைத் தேய்க்கும் என்று சொல்பவர்கள் இதற்கு நேர் எதிரான எண்ணைக் காட்ட வேண்டும். அப்படி ஒன்றை அவர்கள் காட்டுவதில்லை.

"சைக்கிள் ஓட்டித்தான் முட்டி வலியே வந்தது" என்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் வண்டியை ஒரு நிமிடம் பார்த்தால் போதும், காரணம் சீட்டிலேயே இருக்கும். கொங்கு நாட்டில் பெரும்பாலான சைக்கிள்களின் சீட், உட்கார்ந்தபடியே இரண்டு பாதங்களும் தரையில் முழுதாகப் படும் உயரத்தில்தான் இருக்கிறது. விழுந்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கை அது. பிளஸ் ஒன் மாணவர்களுக்கு அரசு கொடுக்கும் சைக்கிள், பிள்ளை கல்லூரிக்குப் போனதும் அப்பாவிடம் வருகிறது. சீட்டின் உயரம் மட்டும் மாறுவதில்லை. தாழ்ந்த சீட்டில் பெடல் மேலே வரும்போது முழங்கால் நெஞ்சை நோக்கி மடங்குகிறது, அந்த மடிப்பிலிருந்து பலமாக உதைத்தால் முழங்கால் சில்லு தொடை எலும்போடு அழுந்துகிறது. முன்பக்க வலிக்கு இதைவிட நேரான வழி வேண்டியதில்லை. திருத்துவதற்குக் கடைக்குக்கூடப் போக வேண்டாம். சீட்டில் உட்கார்ந்து பெடலைக் கீழே கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அந்த உயரத்தில் சீட்டை முடுக்கிவிட்டு, முன்பாதத்தால் மிதித்தால் முழங்காலில் 25 முதல் 35 பாகை மடிப்பு நிற்கும், அதுதான் வேண்டிய அளவு. சீட் மிக உயர்ந்துபோனால் வலி முழங்காலின் பின்பக்கம் போகும், இடுப்பு இருபுறமும் ஆடும். முழங்கால் முழுதாக மடங்காதவருக்கும் சீட்டைச் சற்றே உயர்த்தினால் வழி பிறக்கும், பெடல் ஒரு சுற்று சுற்ற 110 பாகை அளவு மடிப்பு இருந்தால் போதும்.

அடுத்த தவறு கனத்த கியர். உடற்பயிற்சி என்றால் வலுவாக மிதிக்க வேண்டும் என்று நினைத்து நிமிடத்துக்கு ஐம்பது சுற்றில் முக்கி முக்கி மிதிப்பவர், இலகுவான கியரில் எண்பது தொண்ணூறு சுற்று சுழற்றுபவரைவிட ஒவ்வொரு மிதியிலும் மூட்டுக்குக் கூடுதல் பாரம் கொடுக்கிறார். சாரிட்டே அளவீட்டிலும் ஒரே விசையில் சுழற்சி கூடக் கூட மூட்டின் பாரம் குறைந்தது. கியர் இல்லாத கனமான சைக்கிள் சமதரைக்குப் போதும், ஏற்றத்துக்கு ஆகாது.

ஏற்றத்தையும் காற்றையும் கணக்கில் எடுக்காமல் இந்த ஊரில் சைக்கிள் ஓட்ட முடியாது. கோவை ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில், மேற்கே உயர்ந்து கிழக்கே நொய்யலோடு சரியும் நிலம். பேரூர் தாண்டிச் சிறுவாணிச் சாலையில் போகும்போது கண்ணுக்குத் தெரியாத ஏற்றம் கால்களுக்குத் தெரியும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேல்காற்று வீசும், வாளையார்ப் பக்கம் போகிறவருக்கு எதிர்காற்று. வலி உள்ளவர் இதையே சாதகமாக்கிக்கொள்ளலாம். தெம்பாக இருக்கும்போது மேற்கே போய், களைத்தபின் காற்றும் சரிவும் தள்ள வீடு திரும்புவது மூட்டுக்கு நல்லது. கிழக்கே சிரித்துக்கொண்டு போனவர் திரும்பும்போதுதான் முட்டியைப் பிடித்துக்கொள்வார். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் பரம்பிக்குளம்-ஆழியாறு வாய்க்கால் கரையும், ஈரோட்டுப் பக்கம் கீழ்பவானி வாய்க்கால் கரையும் மேடுபள்ளம் அற்றவை, தார் போட்ட இடங்களில் முதல் மாதத்துக்கு அதைவிட நல்ல பாதை இல்லை. நகருக்குள் உக்கடம் பெரியகுளக் கரையில் ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் போட்ட பாதை இருக்கிறது. அவிநாசி ரோட்டைத் தவிர்ப்பது முழங்காலுக்காக அல்ல, உயிருக்காக. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகள் எங்கும் போய்விடாது, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

அளவைப் பற்றி மருத்துவ உலகில் பரவலாகப் பின்பற்றப்படும் விதி எளிது. மிதிக்கும்போது வலி பத்துக்கு ஐந்தைத் தாண்டக் கூடாது, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும். திரும்பாவிட்டால் நிறுத்த வேண்டியதில்லை, தூரத்தையோ கியரையோ குறைத்தால் போதும். வலியே இல்லாத நாளுக்குக் காத்திருப்பவர் பல சமயம் காத்துக்கொண்டே இருப்பார். இதயத்துக்கு ஓட்டம் தந்த பலன் வேண்டுமென்றால் நேரம் கூடத் தேவைப்படும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பைச் சைக்கிளில் எட்டுவது கடினமல்ல, ஆனால் அரைமணி ஓட்டத்தை அரைமணி சொகுசு மிதியோடு சமன் செய்ய முடியாது.

எல்லா முழங்காலையும் சைக்கிளில் ஏற்றிவிட முடியாது. விழுந்தபின் கால் ஊன்ற முடியாதவர், முழங்கால் பூட்டிக்கொண்டு நீளாதவர், நடக்கும்போது மூட்டு திடீரென்று நழுவுபவர், காய்ச்சலோடு மூட்டு சூடாகி வீங்கியவர் ஆகியோர் முதலில் மருத்துவரிடம் போக வேண்டும். சைக்கிள் செய்யாத வேலையும் ஒன்று இருக்கிறது. சீட்டில் உட்கார்ந்தே செய்யும் பயிற்சி என்பதால் எலும்புக்கு அது வலு சேர்ப்பதில்லை. 2008இல் அமெரிக்காவில் சைக்கிள் வீரர்களையும் ஓட்டக்காரர்களையும் ஒப்பிட்டபோது, முதுகிலோ இடுப்பிலோ எலும்பு அடர்த்தி குறைந்திருந்தவர்கள் சைக்கிள்காரர்களில் 63 சதவீதம், ஓட்டக்காரர்களில் 19 சதவீதம். சைக்கிளுக்கு முழுதாக மாறியவர் வாரம் இரண்டு நாள் எடை தூக்குவதும், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவதும், தாங்கும் அளவுக்கு நடப்பதும் அவசியம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது இன்னும் அவசியம்.

ஓட்டக்காரர்கள் நடுவே வேறொரு தவறான எண்ணம் இருக்கிறது. சைக்கிளுக்குப் போனவர் ஓட்டத்தில் தோற்றவர் என்பது அது. கோவையிலிருந்து, குறித்த நேரத்துக்குள் நெடுந்தூரம் மிதிக்கும் ரேண்டனர் முறையில் 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டு வருபவரிடம் இதைச் சொல்லிப் பார்க்கலாம். தவிர, மாறியவர் எல்லோரும் நிரந்தரமாக மாற வேண்டியதும் இல்லை. முழங்கால் சில்லு வலியும் வெளிப்பக்க வலியும் உள்ளவர்களில் பலர், மாதக்கணக்கில் மிதித்துத் தொடைத்தசை தேறியபின் ஓட்டத்துக்குத் திரும்ப முடியும். அப்போது பழைய அடி நீளத்தோடு திரும்பக் கூடாது. அதே வேகத்தில் நிமிடத்துக்கு எடுக்கும் அடிகளை ஐந்து சதவீதம் கூட்டி, ஒவ்வோர் அடியையும் குட்டையாக்கினால் முழங்கால் வாங்கும் அதிர்ச்சி கணிசமாகக் குறைவதை 2011இல் வெளியான ஆய்வு அளந்து காட்டியது. ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று தொடங்கி, மற்ற நாட்களில் சைக்கிளை விடாமல் வைத்துக்கொண்டு, வாரத்துக்கு வாரம் ஓட்டத்தின் பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவதே திரும்பும் முறை. முன் சிலுவைத் தசைநார் அறுந்தவருக்கும், எக்ஸ்ரேயில் இடைவெளி நன்றாகக் குறுகியவருக்கும் இந்த முடிவை மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் சேர்ந்துதான் எடுக்க வேண்டும். அவர்களில் சிலருக்குச் சைக்கிளே கடைசிவரை பயிற்சியாக இருக்கும்.